ரேசர் இருக்கிறது, பிளேடு எங்கே?

பழைய காலத்து ரேசரில் முகம் மழிக்கத் தொடங்குவது மிக எளிது என்று சொல்லித் திரிகிறவர்கள் அத்தனை பேரையும் பினாங்குக்கு வரவழைத்து, ஆளுக்கொரு இன்ஜெக்டர் ரேசரைக் கையில் கொடுத்து, ‘இந்தத் தீவுக்குள் இதற்கு ஒரே ஒரு பிளேடு வாங்கிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்’ என்று ஜார்ஜ்டவுன் வெயிலில் இறக்கிவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். ரேசருக்கு என்னிடம் பஞ்சமில்லை, இரண்டு வைத்திருக்கிறேன். அவற்றுக்குள் போட வேண்டிய அந்தச் சின்ன இரும்புத் தகடுதான் எட்டு மாதங்களாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

முதல் ரேசர் தாத்தாவுடையது. சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் அவர். வெளுத்த காற்சட்டையும் வழுவழுப்பான கன்னமும் இல்லாமல் ஒருநாளும் ஆபீஸ் படி ஏறியதில்லை என்று அப்பா சொல்வார். அவருடைய தகரப் பெட்டியை வீடு மாற்றும்போது திறந்தேன். பழைய சம்பளப் புத்தகங்களுக்கு அடியில், துணியில் சுற்றிய ஷிக் இன்ஜெக்டர் ரேசர் ஒன்று கிடந்தது. ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் மூளையில் உதித்து, 1926இல் விற்பனைக்கு வந்த ரேசரின் வழிவந்தது அது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைப்பதுபோலப் பிளேடுகளை ஒரு கூட்டுக்குள் அடுக்கி, கூட்டின் முனையில் நீண்டிருக்கும் சாவியை ரேசரின் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால், புதிய பிளேடு உள்ளே போகும் வேகத்தில் பழையது மறுபக்கம் வெளியே வந்து விழும். விரல் பிளேடைத் தொடவே வேண்டியதில்லை. வெளியே வந்த பழையதைப் போட்டுவைக்கக் கூட்டின் முதுகிலேயே ஒரு பிளவும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பொருளைக் கையில் எடுத்த எவனுக்கும் அதை ஒருமுறை முகத்தில் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கூட்டைத் தள்ளினேன். உள்ளே மிச்சமிருந்த இரண்டு பிளேடுகளும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

இரண்டாவது ரேசரை நானே விலை கொடுத்து வாங்கினேன். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு ஞாயிறு காலை, பழைய நாணயங்களுக்கும் உடைந்த கைக்கடிகாரங்களுக்கும் நடுவில், ஜெம் மைக்ரோமேட்டிக் ஒன்று நாற்பது ரிங்கிட்டுக்குக் கிடந்தது. அடிப்பிடியைத் திருகினால் தலை வாயைத் திறக்கும். ஒரு பக்கம் மட்டும் கூர்மையுள்ள, முதுகில் மடித்த தகடு பொருத்திய பிளேடை அதற்குள் வைத்து மறுபடி திருகினால் மூடிக்கொள்ளும். விற்ற பெரியவர் நேர்மையானவர். ‘பிளேடு தாக் அடா’, அதாவது பிளேடு இல்லை என்று பணத்தை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பிளேடுதானே, பட்டணத்தில் கிடைக்காததா என்று நான்தான் அசட்டையாக இருந்தேன்.

(இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்த ஜெம் ரேசரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தாலே போதும். அதற்குள் என் அம்மா, பித்தளைக் குத்துவிளக்கு துலக்குகிற அதே கையோடு அதையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளப்பு வந்தது உண்மைதான். மேலே இருந்த பொன்முலாம் போய், உள்ளே இருந்த பித்தளையின் பளபளப்பு அது.)

பிளேடு வேட்டையை இரும்புக் கடைகளில் தொடங்கினேன். நான்காவது கடைத் தவுக்கே (முதலாளி), ரேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து, ‘அடா, அடா’ (இருக்கிறது, இருக்கிறது) என்று வெற்றிக் களிப்போடு என் முன்னால் வைத்தார். ஒரு பக்கக் கூர், முதுகில் அலுமினியத் தகடு, நூறு பிளேடுகள். ஜெம் ரேசருக்குள் அளந்து வைத்ததுபோல உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்ததுதான் வினை. கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தையும் சன்னலில் தெறித்த பெயிண்டையும் சுரண்டுவதற்கென்று செய்யப்பட்ட, மேல்பூச்சு ஏதும் இல்லாத கார்பன் எஃகுப் பிளேடு அது என்பதும், முகத்துக்கான ஜெம் பிளேடு துருப்பிடிக்காத எஃகில் வழுக்கும் பூச்சோடு வருவது என்பதும், அளவு ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது என்பதும் எனக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கன்னத்தில் புரிந்தது. முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. மோவாயில் மூன்று இடங்களில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டில் யாருடன் சண்டை என்று கேட்டார்கள். நம் ஊர் ஈரக் காற்றில், கழுவித் துடைக்காமல் வைத்த அந்தப் பிளேடு மறுநாளே துருப்பிடித்திருந்தது. மிச்சம் 99 பிளேடுகள் என் அலமாரியில் இருக்கின்றன. சன்னல் சுரண்ட வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் இன்ஜெக்டரை எடுத்துக்கொண்டு போனேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை அடிவாரத்தில் காலை முதல் இரவு வரை மொட்டை போடுகிற கை அவருடையது. இருபக்கமும் வெட்டும் சாதாரண பிளேடு ஒன்றைக் காகிதத்தோடு சேர்த்து மடக்கிச் சட்டென்று இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என் ரேசருக்குள் நுழைக்கப் பார்த்தார். அகலமும் கூடுதல், நீளமும் கூடுதல், தகடோ மிக மெல்லியது. இருபக்கப் பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், இன்ஜெக்டர் பிளேடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தத் தடிமன்தான் பிளேடை அதிராமல் நிறுத்துகிறது, அந்தத் தடிமனுக்கு ஏற்றபடிதான் உள்ளே இடுக்கும் விட்டிருக்கிறார்கள்.

‘தம்பி, இது துரைமார் காலத்துச் சாமான். கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாருங்க. முகத்த இங்க கொண்டாங்க, நான் வழிச்சு விடுறேன்’ என்றார்.

‘அதுக்கில்ல அண்ணே, தாத்தாவோடது...’

‘தாத்தாவுக்குப் பிளேடு கெடச்சிச்சு. ஒங்களுக்குக் கெடைக்கல. அவ்வளவுதான.’

அவ்வளவுதான். ஆனால் அதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. இணையக் கடைகளில் தேடினேன். ‘இன்ஜெக்டர் பிளேடு’ என்று தட்டினால் ஊசி மருந்துக் குழாயும், கார் எஞ்சினுக்கு எண்ணெய் பீச்சும் உதிரிபாகமும் வரிசையாக வந்து நிற்கின்றன. ‘ஜெம் பிளேடு’ என்று தட்டினால் ராசிக்கல் மோதிரம். ‘ஒருபக்கப் பிளேடு’ என்றால் மறுபடியும் அந்தச் சன்னல் சுரண்டி. நண்பர்களைக் கூப்பிட்டு ‘பிளேடு கிடைக்குமா’ என்று கேட்டால், ‘நீ போடுவதே போதும்’ என்று சிரிக்கிறார்கள்.

கடைசியில் ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் கண்டுபிடித்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை நம் முன்னோர் தபாலில் பிளேடு வரவழைத்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பிளேடின் விலையைவிடத் தபால் கட்டணம் இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளை இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி வேறு. உள்ளூரில் கிடைக்கிற பொருளை விட்டுவிட்டு வெளியே வாங்கினால் வரி போடுங்கள், நியாயம் உண்டு. உள்ளூரில் ஒருவரும் விற்காத பொருளுக்கு, யாருடைய வியாபாரத்தைக் காப்பாற்ற இந்தப் பத்து விழுக்காடு? கட்டினேன். ஐந்து வாரம் காத்திருந்தேன். பொட்டலத்தைப் பிரித்தால், ஜப்பானிய முடிதிருத்துநர்களின் ரேசருக்கான ஆர்டிஸ்ட் கிளப் வகை பிளேடு! அதுவும் கூட்டிலிருந்து தள்ளிப் போடுகிற வகைதான், பார்வைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். நீளம் அதிகம், என் ரேசருக்குள் நுழையவே நுழையாது. ‘இரண்டும் ஒருபக்கப் பிளேடுதானே’ என்று அந்த விற்பனையாளர் பதில் எழுதினார். யானையை அனுப்பிவிட்டு, எருமைக்கும் நான்கு கால்தானே என்று கேட்கிற தர்க்கம் இது.

அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகளிடம் சொல்லி அனுப்பினேன். அங்கே இன்றும் இந்தப் பிளேடுகள் தயாராகின்றன. அவளும் மறக்காமல் வாங்கினாள், மறக்காமல் கைப்பையில் வைத்தாள், விமான நிலையச் சோதனையில் எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போனது. கைப்பையில் தனிப் பிளேடு கொண்டுபோக முடியாது என்பதை அவளிடம் சொல்லாமல் விட்டது என் தவறுதான். இருந்தாலும் மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

ஒருவழியாக, ஈப்போவில் பழைய ரேசர்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நண்பர், என் புலம்பல் தாங்காமல் ஏழு பிளேடுகள் கொண்ட ஒரு கூட்டைத் தந்தார். தரும்போதே, யாரும் எனக்குச் சொல்லியிராத ஒன்றையும் சொன்னார். நாம் இதுவரை பிடித்துப் பழகிய சாய்வில் இதைப் பிடிக்கக் கூடாது. ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாகப் படிய வைக்க வேண்டும். அப்போது பிடி முகத்திலிருந்து ஏறக்குறைய நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கிற வரை மட்டும் பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும், கையால் அழுத்தவே கூடாது. ஜெம் ரேசருக்கும் இதே முறைதான். வேண்டுமானால் அதன் சத்தம் இன்னும் பெரிதாக இருக்கும்.

மறுநாள் காலை தாத்தாவின் ரேசரால் மழித்தேன். அந்த நாளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, சொன்னால் கோபம் இரட்டிப்பாகும். தாடையோரம் சுருண்டு வளரும் முடியால் இருபது ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருந்த சிவந்த கொப்புளங்கள் அந்த வாரம் வரவில்லை. ஒரே ஒரு பிளேடு. 1971இல் ஒரே தலையில் இரண்டு பிளேடு வைத்தார்கள், 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. ஒவ்வொரு தடவையும் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்தத் தலைகள் நம் ஊரின் எந்த மூலைக் கடையிலும், திருடு போகாதபடி பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், எப்போதும் கிடைக்கும். தாத்தாவின் கன்னத்துக்குப் போதுமாக இருந்த ஒற்றைத் தகடு மட்டும் கிடைக்காது.

ஏழில் நான்கு தீர்ந்துவிட்டன. ஒவ்வொரு மழிப்புக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன், பால்கணக்கு மாதிரி. போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு மொத்த வியாபாரியைப் பார்த்துப் பேசினேன். வரவழைத்துத் தரலாம், ஆனால் குறைந்தது 200 பாக்கெட்டாவது எடுக்க வேண்டும், பாக்கெட்டுக்கு 20 பிளேடு என்றார். மொத்தம் 4,000. வாரத்துக்கு ஒரு பிளேடு என்று அவருடைய கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்த்தேன். எழுபத்தாறு ஆண்டுகளுக்கும் மேல் வருகிறது. எனக்கு இப்போது வயது நாற்பத்தெட்டு. ‘பேரப்பிள்ளைக்கு ஆகும் சார்’ என்கிறார் அவர். என் மகன் இன்னும் மீசையே முளைக்காமல் இரண்டாம் படிவம் படிக்கிறான்.