கருத்துக் கேட்டீர்களே, பதில் எங்கே?

போன வருடம் ஒரு மருத்துவமனை நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். டயாலிசிஸ் நேரத்தை மாற்றப் போகிறார்களாம், அதற்கு மக்கள் கருத்து வேண்டுமாம். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் அவர்களே பேசினார்கள். மிச்சம் எங்களுக்கு. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "நீங்க சொல்ற நேரத்துக்கு முடிச்சு வெளிய வந்தா கடைசி பஸ் போயிடும்" என்றார். மேடையில் இருந்தவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். வெளியே வந்தால், கதவோரம் புது நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. லேமினேஷன்கூட செய்துவிட்டார்கள்.

மக்கள் கருத்து என்றதும் சில மருத்துவர்களுக்குக் கோபம் வருகிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை நாங்கள் சொல்ல வரவில்லை. அது உங்கள் படிப்பு. ஆனால் எத்தனை மணிக்குத் திறந்தால் கூலி இழக்காமல் வர முடியும், எந்தப் படிக்கட்டைப் பார்த்து வயதானவர் திரும்பிப் போகிறார், எந்தக் கவுன்டரில் இரண்டாவது கேள்வி கேட்கவே பயமாக இருக்கிறது என்பதெல்லாம் வரிசையில் நின்றவருக்குத்தான் தெரியும். அந்த பஸ் விஷயம் மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. 1978இல் அடிப்படைச் சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா பிரகடனமே, சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். அதில் கருத்துக் கேட்பது கீழிருந்து நாலாவது படிதான். கேட்டதோடு நிறுத்திக்கொண்டால் அது வெறும் அடையாளத்துக்கு என்பது அவர் கணக்கு. நான் போன கூட்டம் அந்தப் படியையாவது தொட்டதா என்றே சந்தேகம்.

சரி, குழு போட்டால் தீர்ந்துவிடுமா? இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையைப் பாருங்கள். குடிக்கிற தண்ணீரை நோயாளிக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போன வார்டுகள் அங்கே இருந்தன. நோயாளிகள் சார்பில் பேச முறைப்படி ஒரு மன்றமும் இருந்தது, பயன்தான் இல்லை. கடைசியில் பாதிக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கூடிக் குரல் எழுப்பித்தான் விஷயம் பொது விசாரணை வரை போனது. அந்த விசாரணையை நடத்திய ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் கொடுத்த அறிக்கையில் 290 பரிந்துரைகள். அத்தனையும் சொந்தங்களைப் பறிகொடுத்த பிறகு.

எனக்குப் பிடித்தது பிரேசில்காரர்கள் செய்தது. 1990இல் போட்ட சட்டத்தில், உள்ளூர் சுகாதாரக் கவுன்சிலில் பாதி இடம் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு என்று வைத்தார்கள். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் இன்னொன்று: கவுன்சில் இல்லாத நகராட்சி மத்திய அரசின் சுகாதார நிதியை வாங்க முடியாது. மக்களிடம் கேட்பதைப் பணத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அங்கேயும் எல்லாக் கவுன்சிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் இருக்க ஒரு விலை இருக்கிறது.

அந்தச் சட்டம் நமக்கு வரும்வரை? இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: "முடிவு எடுத்தாச்சா, இன்னும் இல்லையா?" அந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும். அப்புறம், பேசியதை எழுத்திலும் கொடுத்துவிடுகிறேன். ஏற்கிறீர்களா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் பதில் கேட்கிறேன். அவர்கள் மறுத்தாலும் பரவாயில்லை, காரணம் வேண்டும். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போவது நல்லது. தனி ஆளை 'எப்பவும் புகார் சொல்றவர்' என்று ஒதுக்கிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

ஒரு உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல நேரம் உள்ளவர்கள். இரவு ஷிப்ட் பார்க்கிறவரும், படுத்த படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கிறவரும் வருவதில்லை. அவர்களுக்காகவும் நாங்களே பேசிவிடுகிறோம், கேட்காமலே. கூட்டத்துக்குக் கூப்பிடுவதைவிட காத்திருப்பு அறைக்கே வந்து உட்கார்ந்து கேட்டால் என்ன?

அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. வேலை நாள், காலை பதினொரு மணி. டயாலிசிஸ் நடக்கிற நேரம். மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.