எடை குறைந்ததா என்று ஏன் கேட்பதில்லை?

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் இ.சி.ஜி., எக்ஸ்ரே, சுகர், ரத்த வகை என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகும். "ஆறு மாசத்துல எத்தனை கிலோ இறங்கியிருக்கீங்க? போன வாரம் வழக்கமா சாப்பிடறதுல பாதியாவது சாப்பிட்டீங்களா?" இதை மட்டும் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. மெஷின் வேண்டாம், செலவும் இல்லை. அதனால்தானோ என்னவோ!

இத்தனைக்கும் விஷயம் பழசு. 1936-லேயே ஹிராம் ஸ்டட்லி என்ற அமெரிக்க மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தார். முன்பே 20 சதவீதத்துக்கு மேல் எடை இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் இறந்தது 3.5 சதவீதம்தான்.

ஆபரேஷன் முடிந்த உடம்புக்குப் புண் ஆற, கிருமியை எதிர்க்கப் புரதம் வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காதபோது தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தசையே இல்லாதவர் என்ன செய்வார்? தையல் ஆறாது, சளியை இருமித் துப்பத் தெம்பிருக்காது, நிமோனியா வந்து சேரும். ஆள் குண்டாக இருந்தால் "நல்ல போஷாக்கு" என்று நினைத்துவிடுகிறோம். கொழுப்புக்கு அடியில் தசை கரைந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தின் அளவை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது; உடம்பில் அழற்சி இருந்தாலே அது இறங்கும்.

ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தானாக எடை குறைந்திருந்தாலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் கணக்கு) 18.5-க்குக் கீழே இருந்தாலோ உஷாராக வேண்டும். குறைபாடு கடுமையாக இருந்தால், புற்றுநோய் ஆபரேஷனைக்கூட 7 முதல் 14 நாள் தள்ளிவைத்து ஊட்டம் கொடுக்கச் சொல்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். உயிர் போகிற அவசரம் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, சரி. மற்றபடி "தள்ளிப்போச்சே" என்று வீட்டார் பதறுவதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த நாட்களும் வைத்தியம்தானே!

உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றால், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம். வாய் வழியாக முடியாவிட்டால் டியூப், குடலே வேலை செய்யாவிட்டால்தான் ரத்தக்குழாய் வழி. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே தடுமாறலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு. அதனால் டயட்டீஷியன் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

அப்புறம், முந்தின ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்கிற பழக்கம். வயிறு தாமதமாகக் காலியாகும் பிரச்சினை இல்லாதவர்களுக்கு, மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் தரலாம் என்பதுதான் இன்றைய விதி. தேதி குறிக்கும்போதே மயக்க மருத்துவரிடம் இதையும் கேட்டுவிடுங்கள்.