வெளிநாட்டிலிருந்து வந்து டெல்டாவில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா என்று வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓய்வுபெற்று, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் குடியேற நினைக்கிறவர்கள் பலர் முதலில் வீட்டு பிளானைத்தான் கையில் எடுக்கிறார்கள். நாலு பெட்ரூம், ஏழடி காம்பவுண்டு, பைபாஸ் ஓரம் பெரிய மனை. பேச்சுத்துணையைக் குடிவந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அறுபதுக்கு மேல் அக்கம்பக்கம் அமைவதும் அமையாமல் போவதும் மனை வாங்குகிற அன்றே பாதி முடிவாகிவிடுகிறது.

பைபாஸ் ஓர மனையில் ஆண்களாவது வண்டியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். வீட்டம்மாவுக்கு என்ன இருக்கிறது? பூக்காரம்மா வரமாட்டார், கீரைக்காரர் வரமாட்டார், கோயிலுக்கு நடந்து போக முடியாது. அதனால் பழைய தெருவுக்குள் சின்ன மனையாகப் பாருங்கள்.

தெருவுக்குள் வாங்கும்போது ஒரு பெரிய கண்ணி உண்டு. டெல்டாவில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பல வீடுகளுக்கு அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். கட்டடம் மட்டும்தான் விற்பவருடையது, மனைக்குத் தரைவாடகை கட்டிவருவார். முப்பது வருஷ வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் இது தெரியாமல் போகும், ஏனென்றால் கோயில் அந்த மனையை யாருக்கும் பத்திரம் போட்டுக் கொடுத்ததே இல்லை. மனை யார் பேரில் இருக்கிறது என்று வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டையும் நகர நிலஅளவைப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அறநிலையத்துறைச் சட்டம் (1959) 34ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மனையை விற்றால் அது செல்லாது.

ஊருக்கு வெளியே வாங்கினால் கண்ணி வேறு. ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) குடியிருப்பு மனை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்கக்கூடாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் கல் நட்டிருந்தாலும் பதிவேட்டில் இன்னும் நஞ்சை என்றே இருந்தால் விலகிவிடுங்கள். பணம் வங்கி வழியாகத்தான் போகவேண்டும், ரொக்கம் கூடாது.

அடுத்து மண். களிமண் சித்திரையில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசியில் நீர் குடித்து உப்பும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். வயலைத் தூர்த்த மனையில் கொட்டிய மண் அமுங்குவதும் சேர்ந்துகொள்ளும். மண் பரிசோதனை செய்து, உப்பும் களி என்று வந்தால் அண்டர் ரீம் பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்) கேளுங்கள், குறைந்தது 3.5 மீட்டர் ஆழம். மேலே ஓடும் பீமின் அடியில் மூன்று அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கொத்தனார் வீண் என்பார். இடைவெளி இல்லாவிட்டால் உப்புகிற மண் பீமையே தூக்கும்.

தரைமட்டம் தெருவுக்கு மேல் மூன்றடியாவது வேண்டும். தார் மேல் தார் போட்டுத் தெரு ஏறிக்கொண்டே வரும், மழைத்தண்ணீர் வாசலுக்கு வரும். ஆனால் மூன்றடி உயரத்துக்கு ஐந்து படிக்கு மேல் வருமே, முழங்கால் என்ன ஆகும்? சரிவுப்பாதைக்கு ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஆக 36 அடி. முன்வாசலில் அதற்கு இடம் கிடைக்காது. பக்கச்சுவரை ஒட்டி நான்கடி அகலத்தில், நடுவில் ஒரு சமதளம் விட்டு, சமையலறைப் பக்கம் ஏறும்படி பிளானிலேயே வரைந்துவிடுங்கள். பின்னால் சேர்க்க முடியாது. படுக்கையறையும் குளியலறையும் கீழ்த்தளத்தில். குளியலறைக் கதவு மூன்றடி அகலம்.

திண்ணையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டுத்தரை உயரத்துக்குக் கட்டினால் யாரும் ஏறி உட்காரமாட்டார்கள். தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், கேட்டுக்கு வெளியே. மாலையில் பேப்பரோடு அதில் உட்கார்ந்தாலே போதும். போகிற வருகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று நின்று கேட்பார்கள்.

செப்டிக் டேங்க் விஷயம் சுருக்கமாக: களிமண்ணில் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் வாங்காது, தண்ணீர் எதிர்த்து வரும். கழிவறைத் தரையை உயர்த்துங்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் டேங்கைக் காலி செய்யாதீர்கள், காலி டேங்க் மிதந்து குழாய் இணைப்பு உடையும்.

ஊரில் உங்களை முதலில் நன்கொடையாளராகத்தான் பார்ப்பார்கள். கும்பாபிஷேக வசூல் நோட்டு, விளையாட்டு விழா வசூல் நோட்டு எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும். பெரிய தொகை எழுதினால் மேடையில் துண்டு போடுவார்கள், அதற்கப்புறம் அடுத்த நோட்டுக்குத்தான் கதவைத் தட்டுவார்கள். எல்லோரும் எழுதுகிற தொகையையே எழுதிவிட்டு, அன்னதானப் பந்தியில் இலை போடப் போங்கள்.

இத்தனையையும் முடிவுசெய்வதற்கு முன் புரட்டாசியில் வாடகைக்கு வீடு பிடித்துத் தை வரை அதே தெருவில் இருந்து பாருங்கள். எந்த மனையில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தெருவில் பேச ஆள் இருக்கிறது, இரண்டும் அந்த மழைக்குள் தெரிந்துவிடும். ஒரு நிதியாண்டில் இந்தியாவில் தங்கியது 182 நாள் ஆனால் வருமானவரிக்கு நீங்கள் இங்கே வசிப்பவர் என்று நிலை மாறும், வருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் தேதியைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.