முதுகுப் படம் மட்டும் போதாது

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "இது என்ன பூச்சி?" என்று ஒரு படம் வந்து விழும். ஒரே ஒரு படம், மேலிருந்து எடுத்தது, பின்னணி மட்டும் பிரமாதமாக மங்கியிருக்கும். ஐந்து நிமிடத்தில் ஐந்து பெயர் வந்துவிடும். ஐந்தும் தப்பாக இருக்கும். பதில் சொன்னவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரைக் காட்டிக் கொடுக்கும் உறுப்பு எதுவும் அந்தப் படத்தில் இல்லை, அவ்வளவுதான். நம்மில் பலர் அழகுக்காக எடுத்துவிட்டுப் பெயரை அப்புறம் தேடுகிறோம். பெயர் வேண்டுமானால், என்ன தெரிய வேண்டும் என்று யோசித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஒரு பூச்சிக்குக் குறைந்தது நான்கு படம் எடுங்கள். மேலிருந்து முழு உடல் ஒன்று. காலும் மார்பும் தெரியப் பக்கவாட்டில் ஒன்று. முகமும் உணர்கொம்பும் ஒன்று. அது உட்கார்ந்திருக்கும் செடி ஒன்று. முதல் படத்தை எட்ட நின்றே எடுத்துவிட்டு மெதுவாக நெருங்குங்கள், நடுவில் பறந்துவிட்டாலும் கையில் ஒன்று மிஞ்சும். பூச்சி போன பிறகு அதே இலையில் மலேசியாவின் 10 சென் காசை வைத்து அதே தூரத்தில் இன்னொரு படம் எடுங்கள். இப்போது புழங்கும் காசின் விட்டம் 18.8 மில்லிமீட்டர், அதை வைத்து உடல் நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் பக்கம் இருப்பவர்கள்கூடப் பூச்சி என்றதும் கேமரன் மலைக்கும் பிரேசர் மலைக்கும் காரைக் கிளப்புகிறார்கள். போகட்டும், குளிர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படம் எடுத்துப் பழக லயத்துக்குப் பின்னால் இருக்கும் செம்பனை வரிசையே போதும். தோட்டத்துச் சாலையோரம் வரிசையாக நட்டிருக்கும் எட்டு மணிப் பூச்செடி சும்மா அலங்காரத்துக்கு அல்ல. செம்பனை ஓலையை அரிக்கும் பைப்புழுவைத் தின்னும் கொலைகார நாவாய்ப்பூச்சிக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் தேன் கிடைக்கட்டும் என்றுதான் நிர்வாகம் அதை நடுகிறது. காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் அந்தச் செடிப் பக்கம் போங்கள். வெயில் ஏறுவதற்குள் பூச்சிகள் மந்தமாக இருக்கும், காற்றும் குறைவு.

பைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனை ஓலையில் தொங்கும் கூட்டை மட்டும் நெருக்கமாக எடுத்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கூடு ஓலையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். மெட்டிசா பிளானா என்ற பைப்புழு இனத்தின் கூட்டுப்புழுப் பை கொக்கிபோல வளைந்த காம்பில் தொங்கும். டெரோமா பெண்டுலா என்ற இன்னோர் இனத்தின் பை நீளமான நூலில் ஊசலாடும். அந்த நூல் சட்டத்துக்கு வெளியே போய்விட்டால் பெயரும் போய்விட்டது.

செம்பனை ஆண்பூ மலர்ந்திருந்தால் சோம்பு வாசனை அடிக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் பழுப்பு நிற மூக்கு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். இவை கேமரூன் நாட்டிலிருந்து 1981இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை. அதற்கு முன்பு தோட்டத் தொழிலாளர்கள்தான் பெண்பூவுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். இதில் பெண் வண்டின் மூக்கு ஆணுடையதைவிட நீளம். மேலிருந்து எடுத்தால் அது தெரியாது, பக்கவாட்டுப் படம் கட்டாயம் வேண்டும். காண்டாமிருக வண்டிலும் இதே கதைதான். கொம்பு சிறிதாக இருந்தால் பெண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், ஆணிலும் சின்னக் கொம்பு உண்டு. வயிற்றின் பின்முனையைப் பாருங்கள், பெண்ணுக்கு அங்கே செம்பழுப்பு முடி அடர்ந்திருக்கும்.

இனி கருவி. கைப்பேசியில் மிக நெருங்கினால் பல மாடல்கள் தானாகவே அகலக்கோண லென்சுக்கு மாறிவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் கைப்பேசியின் நிழலே பூச்சிமேல் விழும், பூச்சியும் ஓடிவிடும். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டு 2 அல்லது 3 மடங்கு லென்சில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் உடனே மேக்ரோ லென்சுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. கையில் இருக்கும் தொலைநோக்கு லென்சின் முன்னால் ரேனாக்ஸ் 250 என்ற உருப்பெருக்கி லென்சை மாட்டினால் தொடக்கத்துக்குத் தாராளம். அதில் பூச்சிக்கும் லென்சுக்கும் சுமார் 12 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும்.

பிளாஷ் இல்லாமல் செம்பனை நிழலில் வேலைக்காகாது. லென்ஸ் துளை எஃப் 11, ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 200, பிளாஷ் கைமுறையில் எட்டில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே பதியும்போது எஃப் 11இல்கூட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். எஃப் 22க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி சிதறி மொத்தப் படமும் மொழுமொழு என்றாகிவிடும். பூச்சியின் உடல் லென்சின் முகப்புக்கு இணையாக இருக்கும்படி எடுப்பதுதான் வழி.

பிளாஷ் ஒளியை மிருதுவாக்க உருளைக்கிழங்குச் சிப்ஸ் டப்பா போதும், உள்ளே ஏற்கெனவே பளபளப்புத் தாள் ஒட்டியிருக்கும். அடிப்பகுதியை வெட்டி பிளாஷ் தலையில் பொருத்துங்கள். வாயை லென்சின் நுனிவரை நீட்டிச் சாய்வாக வெட்டி, பொட்டலம் கட்ட வரும் வெள்ளை நுரைத்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டால் கட்டுங்கள். நுரைத்தாள் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போனால் வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளியாக வெளிச்சம் எரியும். இறக்கை உறையின் வரிகளும் குழிகளும் அதில்தான் அழிந்துபோகும், பெயர் கண்டுபிடிக்க நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

பெயர் தேடும்போது முதலில் கால்களை எண்ணுங்கள், சிரிக்க வேண்டாம். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புக் கூட்டத்தின் பக்கத்திலேயே அதே நிறம், அதே இடுப்போடு ஒரு குதிக்கும் சிலந்தி உலவும். முன்னங்காலைத் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டும். எட்டுக் காலும், முகத்தில் இரண்டு பெரிய கண்ணும் தெரிந்தால் அது எறும்பு அல்ல. அதேபோல வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் அதைப்போலவே வேடமிடும் ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் பெண்ணும். முன்னதன் பின்னிறக்கை நடுவில் சில கரும்புள்ளிகள் சிதறியிருக்கும், பின்னதில் மேல்விளிம்பு ஓரம் ஒன்றுதான். சார்லி எறும்பு என்று எல்லோரும் பயப்படுவது உண்மையில் வண்டு, முதுகில் குட்டையான நீல இறக்கை உறையைப் பாருங்கள். கையில் ஊர்ந்தால் அடித்து நசுக்காதீர்கள், ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நசுங்கினால் வெளிவரும் பெடரின் என்ற நஞ்சுதான் தோலைப் பொசுக்குகிறது.

ஐஸ்பெட்டியில் வைத்து மந்தமாக்கி எடுக்கும் வித்தையை நான் ஏற்பதில்லை. காலை மடக்கி உணர்கொம்பைச் சுருட்டிக் கிடக்கும் பூச்சியில் பாதி அடையாளம் மறைந்துவிடும். எந்தச் செடியில் இருந்தது என்ற தகவலும் தொலைந்துவிடும். தோட்டத்துக்குள் போவதற்கு அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், மருந்தடிக்கும் நாள் எது என்றும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் கண்டுபிடிக்க உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுவதாக இருந்தால் மூலக் கோப்பையே போடுங்கள். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் அழிந்து, படமும் சுருங்கிவிடும். செயலி தானாகப் பரிந்துரைக்கும் முதல் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். அதைப் பார்த்து இன்னொருவரும் தலையாட்டினால் தப்பான பெயரே ஆய்வுத் தரம் பெற்று உட்கார்ந்துவிடும். கொலைகார நாவாய்ப்பூச்சி என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்திவிட்டு, நான்கு படத்தையும் ஒரே பதிவில் சேர்த்துப் போடுங்கள். மீதியை அந்தக் குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது வந்து சொல்வார்கள், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.