காசநோய்க்குக் காரணம் ஆர்சனிக் அல்ல
காசநோயைக் கிருமி உண்டாக்குவதில்லை, ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் கலந்த தண்ணீர்தான் உண்டாக்குகிறது என்று சிலி நாட்டு ஆய்வு நிரூபித்துவிட்டதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி ஓர் ஆய்வு இருப்பது சரிதான். ஆனால் அது சொல்வது வேறு.

காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. 1882-லேயே ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் அதைக் கண்டறிந்தார். சிலியின் அன்டோஃபகாஸ்டா மக்கள் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த ஆற்று நீரைக் குடித்தார்கள். பிற்பாடு அப்பகுதியில் நுரையீரல் காசநோய் இறப்புகள், குறிப்பாக ஆண்களிடம், நாட்டின் இன்னொரு பகுதியைவிடக் கூடுதலாக இருந்தன. அவ்வளவுதான். அந்த நண்பர் எழுதியதை நம்பி யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் சிலி, ஆர்சனிக், காசநோய் என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். 2011-இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, இறப்பை 'அதிகரிக்கக்கூடும்' என்றுதான் இருக்கிறது.