மறுபடியும் பிரவுசரா?
பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால் பிரவுசர் வந்து நிற்கிறது. நான் கூப்பிட்டேனா? ரைட் கிளிக் செய்து, எனக்குப் பழகிய ரீடரைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும்' என்பதையும் அழுத்தியாகிவிட்டது. இரண்டு வாரம் சொன்ன பேச்சைக் கேட்டது. நேற்று ராத்திரி ஒரு அப்டேட். காலையில் பழைய குருடி, கதவைத் திறடி!

சரி, படங்களையாவது ஒழுங்குபடுத்தலாம் என்று உட்கார்ந்தேன். .ஜேபிஜி, .ஜேபெக் இரண்டும் ஒரே சரக்குதான், பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல். ஆனாலும் எதில் திறக்க வேண்டும் என்று இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமாம். பிஎன்ஜிக்கு இன்னொரு தடவை.

இதில் சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த பட்டியல் ஃபைல்) கொடுமை வேறு. நோட்பேடில் திற என்று எத்தனை முறை சொன்னாலும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கே ஓடுகிறது. அது, 044 என்று தொடங்கும் சென்னை நம்பர்களில் முதல் சைபரை விழுங்கிவிடுகிறது. தெரியாமல் சேவ் வேறு செய்துவிட்டேன். இப்போது முந்நூறு நம்பருக்கும் சைபர் போட்டுக்கொண்டிருக்கிறேன்.