முழுத் தேங்காய் வைத்து ஏமாந்த கதை

ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுகிற விளையாட்டுதான் ஜியோகேச்சிங்; அந்த டப்பாதான் ஜியோகேச், சுருக்கமாகக் கேச். அதைப் பைன் காய்க்குள், மரக்கட்டைக்குள் ஒளிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; நல்ல யோசனை. 2000 மே மாதம் அமெரிக்காவின் ஆரிகனில் வைத்த முதல் கேச் வெறும் கறுப்பு வாளிதான்!

நான் முதலில் நெற்றுத் தேங்காயைக் குடைந்து, நாரை மறுபடி ஒட்டி, தோப்போரம் வைத்தேன். அச்சு அசல் தேங்காய். மூன்றாம் நாள் காணோம். கீழே கிடக்கிற தேங்காயை யார்தான் விடுவார்கள்? அப்புறம் முருங்கைக் கட்டை. குடைய சுலபம், ஒரே மழையில் ஊறிப் பிளந்துவிட்டது.

இப்போது இருப்பது காய்ந்து விழுந்த பூவரசங்கிளைத் துண்டு. நடுவில் துளை போட்டு, பெட் பாட்டிலாக ஊதுவதற்கு முன் இருக்குமே, அந்தத் தடித்த குழாயை மூடியோடு இறக்கிப் பசை போட்டேன். கட்டை வேஷத்துக்குத்தான்; தண்ணீரைத் தடுப்பது அந்தத் திருகு மூடி. மூடி மேல் பட்டைத் துண்டு ஒட்டினால் இடைவெளி தெரியாது. கரையானுக்குப் பயந்து மண்ணில் வைக்காமல் கல்லிடுக்கில் செருகியிருக்கிறேன். (பச்சை மரத்தில் துளை போடுவதை ஜியோகேச்சிங் விதிகளே அனுமதிப்பதில்லை.) உள்ளே சுருட்டிய தாள், கட்டைப் பென்சில். பேனா வைத்தால் ஈரத்தில் பெயரெல்லாம் நீலக் கறையாகிவிடுகிறது.